மூடி திறந்தால்தான் கொலைகாரன்

நம்ம டாக்கீஸை இடித்துவிட்டார்கள். போன வாரம் வேலூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது பார்த்தேன். கூரை இல்லை, பெஞ்சு இல்லை, டிக்கெட் வாங்க நாம் முண்டியடித்த அந்த இருட்டுச் சந்து இல்லை. திரை இருந்த சுவர் மட்டும் தனியாக நிற்கிறது. ஷூ கம்பெனிக்கு ஆள் தேவை என்று அதில் யாரோ நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

ஆம்பூர் லைன் வீடுகளில் என்னோடு வளர்ந்த உங்களுக்கு இதைச் சொல்லணும் என்று தோன்றியது. நம்ம செட்டுக்கும் காதோரம் நரைக்க ஆரம்பித்துவிட்டது. போன் போட்டால் சர்க்கரை, பிரஷர், பிள்ளைகள் ஸ்கூல் என்று எல்லாம் பேசுகிறோம். அந்த ஒரு கோடை லீவைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். எழுதத் தெரிந்த ஒருத்தன் வீட்டில் இருந்தால் அவன்தானே எழுத வேண்டும்?

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குத் தோல் பதனிடுகிற டேனரியில் வேலை. தோலிலிருந்து சதை சீவுகிற மிஷின் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை நுனியோடு எடுத்துக்கொண்டது. அதைக்கூட அவர் சினிமாக் கதை மாதிரிதான் சொல்வார்.

"திரும்பிப் பாக்கறேன், விரலு தோலோட அந்தப் பக்கம் போயினுகீது. நான் இந்தப் பக்கம் நிக்கறேன். டாட்டா காட்டலாம்னு பாத்தா, காட்ட விரல் இல்ல."

நாம் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வாரத்தில் ஆறு நாள் நைனா பேசவே மாட்டார். சுண்ணாம்பு நாற்றத்தோடு வருவார், குளிப்பார், தூங்கிப்போவார். ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள். கல்யாணத்துக்கு முன்னால் டாக்கீஸில் ஞாயிறு காலைக் காட்சி ஒன்றைக்கூட விட்டதில்லையாம். காலைக் காட்சி என்றால் கறுப்பு வெள்ளை மர்மப் படம். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, அதனால் ஒரு படத்தின் பெயரும் தெரியாது. கொலையை வைத்துத்தான் படத்துக்குப் பெயர். "கெணத்துக் கொல", "மாடிப்படிக் கொல", "ஊமச்சி சாட்சி சொன்ன படம்". எந்தப் படத்தில் எந்த இடத்தில் நாய் குரைக்கும் என்பதுவரை சொல்வார்.

அந்தக் கதைகள் பிரியாணிக்கு முன்னால்தான் கிடைக்கும். அம்மா சர்ச்சுக்குக் கிளம்பும்போதே நைனா கறிக்கடைக்குக் கிளம்பிவிடுவார். நானும் கூடவே போவேன். அந்த வரிசையில் அடிதடி இல்லாத வாரம் குறைவு. ஒருமுறை நெஞ்செலும்புத் துண்டுக்காக டேனரியில் தோல் சுழல்கிற டிரம்மில் வேலை செய்கிற இரண்டு பேர் கட்டிப் புரண்டு, ஒருத்தன் காதை இன்னொருத்தன் கடித்துவிட்டான். ரத்தம் கறி வெட்டும் கட்டைமேலேயே சொட்டியது. கடைக்காரர் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு, "அடுத்து யாருப்பா?" என்றார். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கொல்லை. ஆள் உயரத்துக்கு மேலே சுவர். ஆறு வீட்டுக் கொல்லைகளும் ஒட்டி ஒட்டி இருக்கும். பக்கத்து வீட்டில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தும்மினால் கேட்கும், தாளித்தால் மணக்கும். அங்கே இரண்டு விறகடுப்பு. ஒன்றில் தேக்சா என்கிற பெரிய பாத்திரம் வைத்துக் கறியும் மசாலாவும், இன்னொன்றில் அரிசிக்கு உலை. ஊறவைத்த காய்ந்த மிளகாயை அம்மியில் அரைத்து நைனா வழித்தெடுப்பார். அந்த விழுதைக் கையில் பூசிக்கொண்டுதான் கதையை ஆரம்பிப்பார். விரல் நுனி இல்லாத அந்தக் கை, சிவப்பாக, சுவரோரமாக மெதுவாக நகர்ந்து வரும். நாம் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம்.

கதைக்கு ஒரு சட்டம் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அரிசியைக் கறியோடு சேர்த்து, மூடி போட்டு, மூடிமேல் கரி நெருப்பு அள்ளிவைத்துத் தம் போட்டதும் கதை நின்றுவிடும். கொலைகாரன் யார் என்று அப்போது சொல்ல மாட்டார். காலைப் பிடித்தாலும் சொல்ல மாட்டார். தம் முடிந்து மூடி திறந்து, அந்த ஆவி முகத்தில் அடிக்கும்போதுதான் கையை நீட்டிச் சொல்வார்: "இவன்தான்!" பிரியாணி வாசனையும் கொலைகாரனும் ஒன்றாகத்தான் நமக்கு வெளியே வருவார்கள்.

அலறல் மட்டும் நைனாவுக்கு வராது. அது அத்தையின் வேலை.

அத்தை நைனாவின் ஒரே தங்கை. கிறிஸ்துமஸ் வாரத்தில் லைன் பசங்கள் மர்ம நாடகம் போடுவார்கள். நைனாதான் எப்போதும் கொலைகாரன். பொம்பளைப் பிள்ளைகளை மேடை ஏற விடமாட்டார்கள் என்பதால், கதாநாயகி வேஷம் டிரம்மில் வேலை செய்கிற ஒரு அண்ணனுக்கு. எவ்வளவு பவுடர் போட்டாலும் தாடி தெரியும். கத்தி இறங்கும்போது அவர் வாயை மட்டும் திறப்பார். சத்தம் திரைக்குப் பின்னால் இருந்து அத்தை போடுவாள். முதலில் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அப்புறம் அடிவயிற்றிலிருந்து ஏறும். ஏறி ஏறி ஓட்டுக்கூரையையே தூக்கிவிடும் என்று பயப்படும்போது, நடுவில் சட்டென்று அறுந்துபோகும். அந்த அறுந்த இடத்தில்தான் நமக்கு முதுகு சில்லிடும்.

கல்யாணமாகிப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்துவிடுவாள், நைனா கதைக்கு அலறல் போட. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக் காலா கேட்பார். காலா என்றால் அவர்கள் உருதுவில் சின்னம்மா. லைனில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் காலாதான்.

"இன்னாப்பா, செத்துட்டாளா?"

"இன்னும் இல்ல காலா, குத்துயிரா கீறா!"

"சீக்கிரம் முடிப்பா. எனக்கு கத்திரிக்கா தீயுது."

ஆறு வீடும் சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொல்லையிலிருந்து அலறல் வரவில்லை என்றால்தான் அந்த லைனில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

நான் சொல்லவந்த லீவு, நாமெல்லாம் ஆறாவது போகப் போகிற வருஷம். அத்தை ஒரு துணிப்பையோடு வந்தாள், அன்றைக்கே திரும்பிப் போகவில்லை. "அங்க தண்ணி ஒத்துக்கல" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாமா வந்துவிட்டார். ஆற்காட்டுப் பக்கத்து ஆள், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். முழுக்கை சட்டை, மடிப்புக் கலையாது. கையில் அந்த ஊர் இனிப்பு மக்கன்பேடா டப்பா, ஜீராவோடு. என்னைக்கூட "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். நைனாவுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். படித்த மாப்பிள்ளை.

"மச்சான், நீங்க சொன்னா சரிதான்" என்பார் மாமா, எதற்கெடுத்தாலும். கொல்லையில் ஸ்டூல் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு, நைனா கதை சொல்வதைப் புன்சிரிப்போடு கேட்பார். அத்தை அலறும்போது மட்டும் பேப்பர் கொஞ்சம் மேலே ஏறும்.

ஒரு ஞாயிறு அத்தை அவர் பக்கத்தில் கீழே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே. பேப்பருக்குக் கீழே அவர் கை அத்தையின் சுண்டுவிரலைப் பிடித்திருந்தது. பிரியமாகப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் விரல் போகக் கூடாத திசையில் போய்க்கொண்டிருந்தது. அத்தையின் முகத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் நிறைந்து நின்றது. மாமா நைனாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "அப்புறம் மச்சான், அந்த டாக்டர்தான் கொன்னானா?"

சாயங்காலம் நைனாவிடம் சொன்னேன். நான் முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது. நுனியில்லாத விரல்கள் கட்டை மாதிரி விழும், உங்களில் சிலர் வாங்கியிருப்பீர்கள்.

"கத கேட்டுக் கேட்டு உனக்கு எல்லாரும் கொலகாரனாத் தெரியறாங்களா? அவரு உனக்கு மாமாடா!"

எல்லாக் கதையிலும் யார்மேல் சந்தேகமே வராதோ அவன்தான் கொலைகாரன் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் நைனாதான். அந்த அறை எனக்கு இன்றுவரை புரியவில்லை. புரியாமலும் இல்லை. தங்கைக்கு அவரே பார்த்த மாப்பிள்ளை. நான் சொன்னது உண்மை என்றால், முதல் தப்பு அவருடையதாகிவிடும்.

அத்தை அந்த ஆளோடு போவாள், பத்துப் பதினைந்து நாளில் திரும்பி வருவாள். ஒவ்வொரு தடவையும் நைனாவே பஸ் ஏற்றிவிடுவார். அவர்கள் வீட்டில் அவள் சத்தம் போடக் கூடாது என்று ஒரு உத்தரவாம். சிரிக்கும்போதும் கூடாது, அடிக்கும்போதும் கூடாது. இதெல்லாம் அத்தையே அம்மாவிடம் சொல்லி எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கொல்லையில் அவள் போட்டது என்ன அலறல்? நாம் கைதட்டினோமே, அது எதற்கு?

அந்த ஞாயிறு வந்தது. அம்மா சர்ச்சுக்குப் போயிருந்தாள். உங்களில் யாரும் அன்றைக்குக் கதை கேட்க வரவில்லை, ஏரிக்குப் போயிருந்தீர்கள். மாமா வழக்கம்போல ஸ்டூலில். அடுப்புப் பக்கம் அத்தை, நைனாவுக்கு அவள் இன்னும் பாப்பாதான். ஒரு அடுப்பில் மசாலாவில் கறி வெந்துகொண்டிருந்தது. இன்னொன்றில் உலை தளதளவென்று கொதித்தது. நைனா ஒரு புதுக் கதை எடுத்திருந்தார். பெரிய பங்களா. ஒரு பொம்பளை தனியாக இருக்கிறாள். வெளியே மழை. கதவின் கைப்பிடி தானாகச் சுற்றுகிறது. அவள் பார்க்கிறாள். சுற்றுகிறது.

அந்த இடத்தில் நைனா கரி மூட்டையை உதறிப் பார்த்தார். காலி.

"கரி இல்லாம இன்னா தம்மு? தெருமுனை இஸ்திரிக் கடையில வாங்கினு வந்துடறேன். பாப்பா, கறியக் கிண்டிவிட்டுக்கோ. டேய், கைப்பிடி சுத்திக்கினே இருக்கட்டும். நான் வந்து கதவத் தெறக்கறேன்."

போய்விட்டார்.

மாமா பேப்பரை நாலாக மடித்து ஸ்டூல்மேல் வைத்தார். "கெளம்பு" என்றார்.

அத்தை கரண்டியை விடவில்லை. "சாப்ட்டு பேசிக்கலாம்."

"துணி எடுத்து வச்சுட்டியா?"

"நான் வரல."

அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. சின்னக் குரல்தான். மாமா சிரித்தார்.

"கேக்கல. ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவியே, அதே மாதிரி சொல்லு."

பின்னலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தான். இதற்குமேல் அவனை மரியாதையாக எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் முகத்தை உலைக்கு மேலே கொண்டுபோனான். ஆவி அவள் மூக்கிலும் கண்ணிலும் ஏறியது. அவள் இருமினாள், கத்தவில்லை. கரண்டி கீழே விழுந்து மண்ணில் உருண்டது. நான் ஓடி அவன் சட்டையைப் பிடித்தேன். வயிற்றில் ஓர் உதை. சுவரில் போய் விழுந்தேன், பின்மண்டை மோதியது, காதில் ரீங்காரம். எழுந்தபோது அவன் சொம்பை எடுத்து உலைக்குள் முக்கிக்கொண்டிருந்தான்.

"எங்க, கத்து. இன்னைக்கு நானே சொல்றேன், கத்து."

அவள் கழுத்திலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுக்கு, நிதானமாக ஊற்றினான்.

அத்தை கத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கைதட்டினார்கள். "இன்னாப்பா, இன்னைக்கு கொல சீக்கிரமே ஆயிடுச்சு!" என்று மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு குரல். சிரிப்பு ஒரு கொல்லையிலிருந்து அடுத்த கொல்லைக்குத் தாண்டித் தாண்டிப் போனது.

அவன் அந்தச் சிரிப்பைக் கேட்டான். தலையை ஆட்டினான். எத்தனை ஞாயிறு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மறுபடி சொம்பை முக்கினான்.

நான் முன் வாசல் வழியாகக் காலா வீட்டுக்கு ஓடினேன். அவர் கீழே உட்கார்ந்து கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"காலா, மாமா அத்தையக் கொல்றாரு!"

"கொல்லட்டும் பேட்டா. கடைசில யாரு மாட்டறான்னு வந்து சொல்லு."

"நெஜமா காலா!"

"எப்பதான் பொய்யின்னு சொல்லிகீறே நீ? அரே, அழக்கூடக் கத்துக்கினியா? உங்க நைனாவத் தூக்கிச் சாப்ட்டுடுவே போ."

எப்படிச் சொல்வது? நாம்தானே ஒவ்வொரு வாரமும் அவர் வீட்டு வாசலில் மூச்சிரைக்க வந்து நின்று, நெஜமா காலா, பொணம் விழுந்துடுச்சு காலா என்று நடித்துவிட்டு, ஆளுக்கொரு கத்திரிக்காய் வறுவல் வாங்கித் தின்றுகொண்டு போனோம்? என்னிடம் புதிதாக ஒரு வார்த்தை இல்லை. அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "சும்மா இருடா, கை அறுத்துக்கப் போறேன்" என்றார். மறுபடி ஒரு அலறல் வந்தது. அது ஏறவில்லை, அறுந்துபோகவில்லை, ஒரே மாதிரி நீண்டுகொண்டே இருந்தது. "இன்னைக்கு ஜாஸ்தி பண்றா" என்றார் காலா.

அப்புறம் காலாவின் கத்தி நின்றது. மூக்கை உயர்த்தினார்.

"இன்னா வாசன இது?"

எனக்குத் தெரியவில்லை.

"மசாலா அடி புடிக்குது." என் முகத்தைப் பார்த்தார். "உங்க நைனா அடுப்புகிட்ட நிக்கறப்போ அடி புடிக்காதே. எங்கடா அவரு?"

"கரி வாங்கப் போயிருக்காரு."

"யா அல்லா" என்று எழுந்தார். நறுக்கின காயெல்லாம் மடியிலிருந்து கொட்டியது. அடுப்பிலிருந்து எரிகிற விறகை அப்படியே உருவிக்கொண்டு ஓடினார். நெருப்புப் பொறி வழியெல்லாம் விழுந்தது. "அரே, எல்லாரும் வாங்கடி! நெஜம்டி, நெஜம்!"

அவர் அடித்த முதல் அடி அவன் வாயில். அந்தச் சத்தம், ஓடு உடைகிற சத்தம். அடுத்தது முழங்கையில், சொம்பு பறந்தது. அவன் பேடா டப்பாமேல் விழுந்தான். காலா விடவில்லை. விறகு அணைந்து கரிக்கட்டையாகும்வரை முதுகிலும் தோளிலும் இறக்கினார். மற்ற வீட்டுப் பெண்கள் வந்து துடைப்பத்தாலும் பூரிக்கட்டையாலும் சேர்ந்துகொண்டார்கள். ஜீராவில் அவன் முன்பல் ஒன்று கிடந்தது. எறும்பு வந்து மொய்க்கும்வரை யாரும் அதை எடுக்கவில்லை. அவன் எப்போது எழுந்து ஓடினான் என்று நான் பார்க்கவில்லை. நான் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரவிக்கை தோலோடு ஒட்டிப்போயிருந்தது.

நைனா கரிப் பையோடு வந்து நின்றார். எத்தனையோ மேடையில் கொலை செய்தவர். தங்கையைப் பார்த்தார். பை நழுவியது. முதலில் போய் அடுப்பிலிருந்து தேக்சாவை இறக்கிவைத்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது. இறக்கிவைத்துவிட்டுத்தான் உட்கார்ந்து அழுதார்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் அத்தை குப்புறப் படுத்துக் கிடந்தாள். அவனுடைய சித்தப்பா வந்தார், நம்ம சர்ச் பெரியவர் ஒருவரும் கூட வந்தார். வராந்தாவில் ரொம்ப நேரம் பேசினார்கள். குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும், கேஸ் என்று போனால் பொண்ணு வாழ்க்கை போய்விடும், அவனும் பல் போய்க் கிடக்கிறான், சரிக்குச் சரி. விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் நைனா சொன்னார்: "கஞ்சி வடிக்கறப்போ கை தவறிக் கொட்டிடுச்சு சார்."

நான் வாயைத் திறந்தேன். நைனா தன் கையால் என் வாயைப் பொத்தினார். பல்லில் உதடு வெட்டி, ரத்தம் உப்புக் கரித்தது. அத்தை படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை. சாப்பிடுவாள், பாத்திரம் கழுவுவாள், கூப்பிட்டால் திரும்புவாள். பேச்சு இல்லை. பெரியவர்கள் அதை அவனோடு திரும்பப் போகச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

"அவ இங்கயே கெடக்கட்டும். நாம கஞ்சி குடிச்சா அவளும் குடிக்கட்டும்" என்றாள் அம்மா.

"கட்டிக் குடுத்த பொண்ண வூட்ல வச்சுக்கினா ஊர் இன்னா பேசும்?"

"கொல்லையில கைதட்டின ஊர்தானே? பேசட்டும்."

நைனா முடிவை மாற்றவில்லை. காலா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். நைனா ஒரு கிண்ணத்தில் பிரியாணி போட்டு என்னிடம் கொடுத்தனுப்பினார். மூடியைக்கூடத் திறக்காமல் அப்படியே திருப்பி என் கையில் வைத்தார் காலா.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு ஞாயிறு, அத்தையை அழைத்துப்போக அவனும் சித்தப்பாவும் வந்தார்கள். சமாதான விருந்து. சேர்ந்து சாப்பிட்டுவிட்டால் பகை தீர்ந்தது என்று கணக்கு. நைனா காலையிலிருந்து சமைத்தார். அம்மா உள்ளே முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அத்தையின் பையில் துணி அடுக்கினாள். அத்தை பக்கத்தில் நின்றாள். கழுத்தில் தோல் இறுகி, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நீங்கள் எல்லாம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தீர்கள், சித்தப்பா விரட்டிவிட்டார்.

அதே ஸ்டூல். அதே மக்கன்பேடா டப்பா. புதுப் பல் கட்டியிருந்தான். நைனா தம் போட்டு, மூடிமேல் நெருப்பை அள்ளிவைத்தார். வைத்துவிட்டு, நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மச்சான், கதையே இல்லியா?" என்றான் அவன். "அன்னைக்கு எங்க நிறுத்தனீங்க? கதவுக் கைப்பிடி சுத்துச்சு, இல்ல?"

நைனா நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சித்தப்பாவும், "சொல்லுப்பா, சும்மா ஒக்காந்து இன்னா பண்றது" என்றார்.

நைனா சொன்னார். குரல் அவருடையது இல்லை. "அவ தனியா இருக்கா. வெளிய மழ. கைப்பிடி சுத்துது. கதவு தெறக்குது. உள்ள வர்றவன் யாருன்னு பாத்தா…"

வீட்டுக்குள்ளிருந்து மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

அத்தை அலறினாள். இத்தனை நாள் பேசாத தொண்டை. அடிவயிற்றிலிருந்து ஏறியது, ஏறிக்கொண்டே போனது, ஓடு அதிர்ந்தது. அறுக்கவேண்டிய இடத்தில் அவள் அறுக்கவில்லை. அவன் கைப் பேப்பர் கீழே விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. யாரும் கைதட்டவில்லை. ஆறு வீட்டிலும் பாத்திரம் விழுகிற சத்தம், கதவு மோதுகிற சத்தம், ஓடுகிற கால் சத்தம். காலா முதலில் வந்தார், கையெல்லாம் சோப்பு நுரை, அதில் துணி துவைக்கிற கட்டை. அவர் பின்னால் எல்லாப் பெண்களும். லீவு நாள் ஆதலால் டிரம் ஆட்கள், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. நாடகத்தில் பெண் வேஷம் போடுகிற அந்தத் தாடி அண்ணன் கூரை வழியாகவே கொல்லைக்குள் குதித்தார். நீங்களும் வந்தீர்கள், ஆளுக்கொரு கல்லோடு.

"இன்னா ஆச்சு? எங்க அவ?"

அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல காலா" என்றாள். குரல் உடைந்து கரகரத்தது. "வருவீங்களான்னு பாத்தேன்."

காலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தை நைனாவிடம் திரும்பினாள். "ண்ணா. தம்மு ஆயிடுச்சு. மூடியத் தெற."

நைனா எழுந்தார். மூடிமேல் இருந்த நெருப்பை ஓரமாகத் தட்டினார். திறந்தார். ஆவி குபீரென்று ஏறியது. கொல்லையில் அத்தனை பேரும் பழக்கத்தில் வாயை மூடினோம். மூடி திறந்தால் யார் என்று சொல்லியாக வேண்டும், லைன் முழுக்கத் தெரிந்த சட்டம் அது. அவனுக்கும் தெரியும். ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தான்.

"சொல்லுப்பா" என்றார் காலா, ரொம்ப நாளைக்குப் பிறகு நைனாவிடம். "யாரு?"

ஆவிக்குள்ளிருந்து அந்தக் கை நீண்டது, நுனியில்லாத விரல்களோடு.

"இவன்தான். கஞ்சி தானாக் கொட்டல. நான் பொய் சொன்னேன். இவன் ஊத்தனான்."

அத்தை திரும்பிப் போகவில்லை, இன்றைக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் அதற்கப்புறம் ஆம்பூர் பக்கமே வரவில்லை என்பதும் தெரியும். நடுவில் நடந்ததைத்தான் நாம் யாரும் பேசுவதில்லை. சித்தப்பா கையைக் கூப்பிக்கொண்டு ஒரு மூலையில் ஒதுங்கினார். அத்தை உள்ளே போய் முன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தாள். நைனா சட்டைக் கையை மடித்தார். காலா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டதால் எனக்குச் சத்தம் மட்டும்தான்.

அவன் கத்தினான். நல்ல கனமான சத்தம். அந்த ஆறு கொல்லையையும் தாண்டி, பின்பக்கத்து லைன் வரைக்கும் போயிருக்கும். அங்கே யாரோ சிரிக்கிறது கேட்டது.

"ரொம்ப நாளாச்சுப்பா, இவங்க நாடகம் போட்டு!"